மகரந்தமற்ற மலரின் மாண்பு

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது முதியோர் வாக்கு. பயனற்றது என்று பலரால் ஒதுக்கப்பட்ட ஒன்று, காலம் கனிந்தபோது பெரும்பயன் விளைத்த வரலாறுகள் பல உண்டு. அவற்றுள் ஒன்று, மகரந்தம் இல்லாமல் மலர்ந்த மிளகாய்ப் பூவின் வரலாறு. தோட்டக்காரன் கண்ணுக்கு அது குறையுடைய பூ. மரபியல் அறிஞர் கண்ணுக்கோ அது ஒரு திறவுகோல். அத்திறவுகோலால் திறக்கப்பட்ட கதவின் வழியே நன்மையும் வந்தது; எச்சரிக்கையும் வந்தது.

மிளகாய் தமிழர் உணவோடு இரண்டறக் கலந்துவிட்ட பொருள். எனினும் சங்ககாலத் தமிழர் அதனை அறியார். அவர்கள் உறைப்புக்குப் பயன்படுத்தியது மிளகு. அதனைக் 'கறி' என வழங்கினர். மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். அங்குள்ள பழங்குடியினர் ஏறத்தாழ 6,000 ஆண்டுகளாக அதனைப் பயிரிட்டு வந்துள்ளனர். 1492இல் கொலம்பஸ் மேற்கொண்ட கடற்பயணத்துக்குப் பின்னர் அது ஐரோப்பாவை அடைந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கப்பல்களில் இந்தியா வந்தது. மிளகைப் போல உறைக்கும் காய் ஆதலின் தமிழர் அதனை மிளகாய் என்றனர். அயலிலிருந்து வந்த அச்செடி சில தலைமுறைகளில் அம்மண்ணுக்கே உரியதாயிற்று. வட்டாரத்துக்கு வட்டாரம் நீளத்திலும் நிறத்திலும் காரத்திலும் வேறுபட்ட வகைகள் உழவர் கைகளில் உருவாயின. அவ்வாறு இந்தியாவில் விளைந்த ஒரு மிளகாயின் விதை, மீண்டும் கடல் கடந்து அமெரிக்கா சென்று சேர்ந்ததே இவ்வரலாற்றின் நடுநிகழ்ச்சியாகும்.

பூவின் குறை

மிளகாய்ப் பூ சிறியது, பெரும்பாலும் வெண்ணிறமானது. அதன் நடுவே சூலகமும், அதைச் சுற்றி மகரந்தத்தாள்களும் அமைந்துள்ளன. ஒரே பூவில் ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் இருப்பதால் தன் மகரந்தத்தைக் கொண்டே அது காய்த்துவிடும். தேனீக்கள் வந்தால் பிற செடியின் மகரந்தமும் சேரும். ஆனால் எப்போதாவது ஒரு செடியில் மகரந்தப்பைகள் சுருங்கிச் சிறுத்துக் காணப்படும். பிரித்துப் பார்த்தால் உள்ளே தூள் இராது. இருந்தாலும் முளைக்கும் ஆற்றல் அதற்கு இராது. சூலகம் மட்டும் நலமாகவே இருக்கும். பிற செடியின் மகரந்தம் வந்து சேர்ந்தால் அப்பூவும் காய்க்கும், விதையும் தரும். தனித்து விடப்பட்டால் காய்ப்பதில்லை. காய்த்தாலும் விதையற்ற சிறு காய்களே தோன்றும். இதுவே ஆண்மலட்டுத்தன்மை எனப்படுகிறது. இங்கு மலடு என்பது ஆண்பகுதிக்கு மட்டுமே உரியது என்பதை மனத்திற்கொள்ளல் வேண்டும். தாயாகும் தகுதியை அச்செடி இழப்பதில்லை.

இத்தகைய குறையை மனிதன் கண்டறிந்தது மிளகாயில் அன்று. ஜெர்மானிய அறிஞர் கோல்ராய்ட்டர் 1760இல் இருவேறு புகையிலை இனங்களைக் கலந்து ஒரு புதுச் செடியை உண்டாக்கினார். மறு ஆண்டு அது பூத்தபோது அதன் மகரந்தம் பயனற்றதாய் இருக்கக் கண்டார். குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதையோடு அச்செடியை அவர் ஒப்பிட்டார். நூறு ஆண்டுகளுக்குப் பின் சார்லஸ் டார்வின், தைம் என்னும் மணப்பூண்டில் சில செடிகள் பெண் பூக்களை மட்டுமே பூப்பதையும், அவை மற்றவற்றினும் மிகுதியான விதை தருவதையும் கண்டு, 1877இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். 1921இல் இங்கிலாந்தின் பேட்சன், கெய்ர்ட்னர் ஆகிய இருவரும் ஆளிச் செடியில் இக்குறை பரம்பரையாக வருவதை ஆராய்ந்தனர். ஆனால் இவையெல்லாம் அறிவுக்கு விருந்தாயினவேயன்றி, உழவனுக்குப் பயன் தரவில்லை.

பயன் முதலில் வந்தது வெங்காயத்தின் வழியே. 1925இல் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் ஹென்றி ஜோன்ஸ் என்னும் ஆய்வாளர், தம் வயலில் விதை தராத ஒரு வெங்காயச் செடியைக் கண்டார். வேறொருவராயின் பிடுங்கி எறிந்திருப்பார். அவரோ அதற்கு எண்ணிட்டுப் பாதுகாத்தார். அதன் பூந்தலையில் விதைக்குப் பதிலாகத் தோன்றிய சிறு குமிழ்களைக் கொண்டு அதனைப் பெருக்கினார். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 1943இல், கிளார்க் என்பவருடன் சேர்ந்து அக்குறை பரம்பரையாக வரும் முறையை விளக்கி, அதைக் கொண்டு கலப்பின வெங்காய விதை உண்டாக்கும் வழியையும் உலகுக்கு அறிவித்தார். குறை என்று கருதப்பட்டது கருவியாக மாறியது அன்றுதான்.

இடுக்கியும் விரலும்

அக்கருவி ஏன் தேவைப்பட்டது? வேறுபட்ட இரு நல்ல வகைகளைக் கலந்தால் பிறக்கும் முதல் தலைமுறைச் செடிகள், பெற்றோரினும் செழித்து வளர்ந்து மிகுதியாகக் காய்ப்பதுண்டு. இதனைக் கலப்பு வீரியம் என்பர். மிளகாயில் இவ்வீரிய விதையை உண்டாக்குவது எளிதன்று. தாய்ச்செடியின் மொட்டு விரியுமுன், கூரிய இடுக்கியால் அதைத் திறந்து, மகரந்தப்பைகளை ஒவ்வொன்றாக அகற்றவேண்டும். சூலகத்தில் சிறு காயமும் படலாகாது. பின்னர் தந்தைச்செடியின் மகரந்தத்தைத் தடவி அடையாளமிட வேண்டும். ஒரு பூவுக்கு இத்தனை வேலை என்றால் ஒரு வயலுக்கு எத்தனை வேலை! ஒரு பை மகரந்தம் தவறி எஞ்சினாலும் விதையின் தூய்மை கெடும். ஆண்மலட்டுச் செடியைத் தாயாகக் கொண்டாலோ, இடுக்கிக்கு வேலையில்லை. மகரந்தத்தைத் தடவுவது ஒன்றே போதும்.

மிளகாயில் மலட்டுத்தன்மையின் பல வகைகளை 1951இல் அமெரிக்காவின் மார்ட்டின், கிராபோர்டு என்னும் இருவர் எடுத்துரைத்தனர். பின்னர் அமெரிக்க மரபியல் அறிஞர் பீட்டர் பீட்டர்சன் 1958இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, இத்துறையின் திருப்புமுனையாயிற்று. அயல்நாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு விதைக்கும் எண் கொடுத்துப் பதிந்து வைப்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் வழக்கம். அவ்வாறு 164835 என்னும் எண்ணைப் பெற்றிருந்த மிளகாய், இந்தியாவிலிருந்து சென்றது. அதிலேயே பீட்டர்சன், தாய்வழியாக மட்டும் இறங்கும் ஆண்மலட்டுத்தன்மையைக் கண்டார். அவ்விதையை விளைவித்த உழவனின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. எண் மட்டும் நிலைத்தது.

இருவகை மலடு

மிளகாயின் ஆண்மலட்டுத்தன்மை இருவகைப்படும். முதல் வகை, உயிரணுவின் உட்கருவில் உள்ள மரபணுவால் வருவது. ஒவ்வொரு மரபணுவும் இணையாக இருக்கும். ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. வளமுடைய மரபணு ஓங்கியது. மலட்டு மரபணு ஒடுங்கியது. இணையில் ஒன்று வளமுடையதாய் இருந்தாலும் பூவில் மகரந்தம் உண்டாகும். இரண்டும் மலடாயின் மகரந்தம் இராது. மலட்டுச் செடியோடு, இணையில் ஒரு மலட்டு மரபணுவை மறைத்து வைத்திருக்கும் வளமுடைய செடியைக் கலந்தால், பிறக்கும் நூறு நாற்றுகளில் ஏறத்தாழ ஐம்பது மலடாகவும் ஐம்பது வளமுடையனவாகவும் இருக்கும். எது எது என்பது பூ விரியும்வரை தெரியாது. வளர்த்து, நீர் பாய்ச்சி, பூத்தபின் பாதியைப் பிடுங்கி எறிய வேண்டும். இம்முறையின் குறை இதுவே.

இவ்வகை மரபணுக்கள் பத்துக்கும் மேற்பட்டவை மிளகாயில் கண்டறியப்பட்டுள்ளன. இஸ்ரேலின் ஷிப்ரிஸ், பிராங்கல் இருவரும் 1969இல் ஒன்றை அறிவித்தனர். 'கலிபோர்னியா வொண்டர்' என்னும் குடைமிளகாய் வகையில் மற்றொன்று 1972இல் அறிவிக்கப்பட்டது. பிரான்சு நாட்டின் போஷார் 1970இல் வேறொரு வழியைக் கையாண்டார். மிளகாய்ச் செடியில் இயல்பாக 24 குரோமோசோம்கள் உண்டு. அவர் பாதி எண்ணிக்கை மட்டுமே உடைய செடிகளைத் தேர்ந்து, அவற்றில் செயற்கையாகத் திடீர் மாற்றங்களை உண்டாக்கினார். இணை இல்லாத மரபணு மறைந்திருக்க இயலாது அன்றோ! இவ்வாறு மூன்று புதிய மலட்டு மாற்றங்களை அவர் பெற்றார். பிரான்சில் தோன்றிய மலட்டு மரபணுவொன்று பின்னர் இந்தியா வந்தது. லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதனைக் கொண்டு ஒரு மலட்டுத் தாய்வழியை உருவாக்கி, 1990களின் தொடக்கத்தில் 'சி.எச்.-1' என்னும் வீரிய மிளகாயை உழவர்க்கு அளித்தது.

இரண்டாம் வகையே பீட்டர்சன் கண்டது. உயிரணுவில் உட்கருவைச் சூழ்ந்திருப்பது சைட்டோப்பிளாசம். அதனுள் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புகள் உள்ளன. உயிரணுவுக்கு ஆற்றல் அளிக்கும் இவை தமக்கெனச் சில மரபணுக்களை உடையவை. மகரந்தம் பெரும்பாலும் உட்கருவை மட்டுமே கொண்டு சேர்க்கிறது. சைட்டோப்பிளாசம் தாயிடமிருந்தே வருகிறது. ஆகவே மலட்டுத்தன்மையின் காரணம் மைட்டோகாண்டிரியாவில் இருந்தால், அது தாய்வழிச் சொத்தாகிறது.

ஆனால் தாய் மட்டுமே ஊழை முடிவு செய்வதில்லை. உட்கருவில் மீட்பு மரபணு என ஒன்று உண்டு. மலட்டுச் சைட்டோப்பிளாசம் பெற்ற செடியில் இம்மரபணு ஒன்று இருந்தாலும் மகரந்தம் மீண்டும் உண்டாகிறது. இல்லையெனில் செடி மலடாகிறது. இவ்விரண்டின் கூட்டே மூவகைச் செடிகளைக் கொண்ட முறைக்கு அடிப்படை. முதலாவது மலட்டுத் தாய். இரண்டாவது காப்புச்செடி, அது மற்ற எல்லாவற்றிலும் தாயை ஒத்தது, ஆனால் நல்ல சைட்டோப்பிளாசம் உடையது, மீட்பு மரபணு இல்லாதது. அதன் மகரந்தத்தைப் பெற்றால் தாய் மீண்டும் மலட்டு மகளிரையே ஈனும்; நூற்றுக்கு ஐம்பதன்று, நூறும் மலடே. மூன்றாவது மீட்புச்செடி, மீட்பு மரபணுவைத் தாங்கிய தந்தை. அதனோடு கலந்து பிறக்கும் வீரிய விதை, உழவன் வயலில் முழு வளத்துடன் பூத்துக் காய்க்கும். தனித்து நின்றால் ஒரு பருவத்தில் அழிந்துபோகும் மலட்டுச்செடி, உடன்பிறப்பைப் போன்ற காப்புச்செடியின் துணையால் ஆண்டுதோறும் நிலைக்கிறது. பூவின் குறை பயனாக மாறியது இக்காப்பினால்தான்.

இம்முறைக்கும் இடையூறுகள் உண்டு. சில மலட்டுச் செடிகள் குளிர்ந்த காலத்தில் சிறிது மகரந்தம் உண்டாக்கிவிடும். விதையின் தூய்மை அதனால் கெடும். மேலும், மீட்பு மரபணு காரமிளகாய் வகைகளில் எளிதாகக் கிடைக்கிறது, குடைமிளகாயில் அரிது. ஆதலின் காரமிளகாயிலேயே இம்முறை பெரிதும் பரவியது. 1971இல் தைவானில் நிறுவப்பட்டு, இன்று உலகக் காய்கறி மையம் எனப்படும் நிறுவனம், மலட்டு வழிகளை உருவாக்கிப் பல நாட்டு ஆய்வாளர்க்கும் வழங்கியது. அவ்வாறு இந்தியா வந்த ஒரு வழியைத் தாயாகக் கொண்டு வாரணாசியில் உருவானதே 'காசி சுர்க்' என்னும் மிளகாய். கடல் கடந்து சென்ற தாய்வீட்டுச் சொத்து, அரை நூற்றாண்டுக்குள் வேறு வழியாகத் தாய்வீடு திரும்பியது.

மகரந்தம் ஏன் உண்டாவதில்லை என்னும் வினாவுக்குக் கொரிய அறிஞர்கள் விடை தேடினர். சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தார், மலட்டு மிளகாயின் மைட்டோகாண்டிரியாவில் மட்டும் காணப்படும் ஒரு புதிய மரபணுப் பகுதியை 2007இல் அறிவித்தனர். அதனை வேறொரு சிறு செடியில் புகுத்தியபோது அச்செடிகளிலும் ஆண்மலடு தோன்றியது. 2014இல் அப்பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குழுவினர் மிளகாயின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டனர். ஏறத்தாழ 35,000 மரபணுக்கள் அதில் உள்ளன. அதற்கென அவர்கள் தேர்ந்தது ஒரு மெக்சிக்க நாட்டு வகையே. அறிவியல் எத்துணை உயர்ந்தாலும் அது வேர்கொள்வது நாட்டு விதையில்தான் என்பதற்கு இதுவும் சான்று.

சோளம் தந்த எச்சரிக்கை

பயனைக் கூறி எச்சரிக்கையைக் கூறாது விடுவது முறையன்று. அமெரிக்க மக்காச்சோளத்திலும் தாய்வழி ஆண்மலடு பயன்படுத்தப்பட்டது. ஆண் கதிர்களைக் கையால் ஒடிக்கும் வேலை அதனால் இல்லாமற் போயிற்று. எளிமையும் இலாபமும் கண்ட விதை நிறுவனங்கள் 'டெக்சாஸ்' என்னும் ஒரே மலட்டுச் சைட்டோப்பிளாசத்தையே மேலும் மேலும் நாடின. 1970ஆம் ஆண்டளவில் அந்நாட்டுச் சோள வயல்களில் ஐந்தில் நான்கு பங்குக்குமேல் அதுவே நின்றது. அவ்வாண்டு ஒரு பூஞ்சை நோய் தெற்கிலிருந்து வடக்கே பரவியது. அப்பூஞ்சை சுரந்த நஞ்சு, குறிப்பாக அச்சைட்டோப்பிளாசத்தையே தாக்கியது. நாட்டின் சோள விளைச்சலில் ஏறத்தாழ 15 விழுக்காடு அழிந்தது. மகரந்தத்தைக் கெடுத்த அதே மைட்டோகாண்டிரிய மரபணுவே நோய்க்கும் வாயில் திறந்தது எனப் பின்னர் தெளிவாயிற்று. மறு ஆண்டுகளில் கையால் கதிர் ஒடிக்கும் வேலை மீண்டும் தொடங்கிற்று.

மிளகாயில் அத்தகைய கேடு நேர்ந்ததில்லை. ஆயினும் உலகில் காரமிளகாயின் வீரிய விதைக்குப் பயன்பட்டுவரும் மலட்டுச் சைட்டோப்பிளாசத்தில் பெரும்பகுதி, பீட்டர்சன் கண்ட அந்த ஓர் இந்திய விதையின் வழிவந்ததே. ஒரே தூணில் நிற்கும் மண்டபம் எவ்வளவு அழகாயினும், அத்தூணைப் பற்றிய அச்சம் அறிவுடையோர்க்கு இருத்தல் வேண்டும்.

மற்றொரு கேள்வியும் எழுகிறது. வீரிய விதையில் விளைந்த பழத்தின் விதையை மீண்டும் விதைத்தால் பயிர் ஒருசீராய் வராது, பண்புகள் சிதறிப்போகும். ஆகவே உழவன் ஆண்டுதோறும் விதையை விலைக்கு வாங்குகிறான். விதை விற்பவன் யார் என்பது அவனுக்கு வாழ்க்கைச் சிக்கலாகிறது. ஆண்மலட்டு முறையால் மிளகாய் வீரிய விதையை வளர்த்த நாடுகளுள் முதன்மையானது தென்கொரியா. 1997இல் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. மறு ஆண்டே அந்நாட்டின் பெரிய விதை நிறுவனங்கள் சில அயல்நாட்டு நிறுவனங்களின் உடைமையாயின. கட்டடங்கள் மட்டும் கைமாறவில்லை. தலைமுறைகள் உழைத்துச் சேர்த்த தாய்வழிகளும் தந்தைவழிகளும் கைமாறின.

வீரிய விதை பரவப் பரவ, நாட்டு வகைகள் வயலை விட்டு மறைகின்றன. உழவன்மீது குற்றமில்லை, மிகுதியாகக் காய்ப்பதை அவன் நாடுவது இயல்பே. ஆனால் அவ்வீரிய விதைக்குத் தாயை ஈந்தது பெயர் தெரியாத ஒரு நாட்டு வகையன்றோ! மகள் செழிக்கத் தாய்வீடு பாழாவது போன்றது இந்நிலை. அடுத்த நோய்க்கு மாற்றும், அடுத்த மலட்டுச் சைட்டோப்பிளாசமும், அடுத்த மீட்பு மரபணுவும் எந்த வேலியோரச் செடியில் உறங்கிக் கிடக்கின்றனவோ, எவர் அறிவார்? அச்செடி அழிந்தபின் அறிந்தாலும் பயனில்லை.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்னும் முதுமொழிக்கு இவ்வரலாறு ஒரு விளக்கம் தருகிறது. துரும்பு தானே வந்து உதவுவதில்லை. அதைத் துரும்பென்று எறியாமல் எடுத்து வைத்த கை ஒன்று வேண்டும். ஜோன்ஸ் ஒரு வெங்காயச் செடிக்கு எண்ணிட்டார். யாரோ ஒரு பதிவாளர் இந்திய மிளகாய் விதை ஒன்றுக்கு 164835 என எழுதினார். அதற்கு முன்னரே, ஏதோ ஓர் ஊரில் ஓர் உழவர் பழுத்த மிளகாயைப் பிளந்து, விதையை உலர்த்தி, அடுத்த பருவத்திற்கென முடிந்து வைத்தார். அம்மூவருள் ஒருவர் சோம்பியிருந்தாலும் இவ்வரலாற்றில் ஒரு கண்ணி அறுந்திருக்கும். மகரந்தமற்ற அம்மலருக்கு மாண்பு சேர்த்தவை இக்கைகளே. விதையை முடிந்து வைக்கும் கை ஓயாதிருக்கும் வரை, வயலில் அடுத்த தலைமுறைக்கும் நம்பிக்கை உண்டு.